காடி வெட்டிய வாரம்

பிப்ரவரி 11, புதன்

இன்று கூரைக்கு அடியில் இருந்த பலகைகளைப் பிரித்தார்கள். கூரை நின்றது. நிற்கும் என்று கொத்தனார் சுடலைமணி ஆயிரம் முறை சொல்லியிருந்தார். இருந்தாலும் கடைசி முட்டுக்கம்பை உருவும்போது நான் தெருவில் போய் நின்றுகொண்டேன்.

நான்கு வருடமாகக் கட்டுகிறோம். கோவில்பட்டியில் எங்களுக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டியவர்கள் எல்லாம் மாடி எழுப்பி வாடகைக்கும் விட்டாயிற்று. எங்கள் வீடு மட்டும் இரண்டு முறை நின்றுபோய், மழைத்தண்ணீரில் தவளை வளர்த்தது. ஏன் நின்றது என்று இங்கே எழுத இஷ்டமில்லை.

மத்தியானம் கரண்ட் வேலைக்கு ஞானதுரை அண்ணன் வந்தார். கூரைக்குக் கான்கிரீட் போடும் முன்பே மேலே போக வேண்டிய குழாய்களைக் கம்பிகளுக்கு நடுவில் பதித்துவிட்டுப் போனவர். இனி சுவர் வேலை.

"இப்பவே காடி வெட்டிரணும் தங்கச்சி. செவரு வெறுஞ்செங்கலா நிக்கும்போதே வாய்க்கா மாதிரி வெட்டி, குழாயையும் சுவிட்ச் பெட்டியையும் பதிச்சிரணும். அதுக்கு மேல பூச்சு. பூச்சு காஞ்ச பொறவுதான் வயரு இழுக்கணும். முன்னப்பின்ன ஆச்சுன்னா பூசுன செவத்த ஒடைக்க வேண்டியிருக்கும்."

சுடலைமணியின் பூச்சு ஆட்கள் மார்ச் இரண்டாம் தேதி வருவார்கள். அன்றைக்குச் சுவர் தயாராக இல்லையென்றால் சாத்தூரில் ஒரு கல்யாண மண்டப வேலைக்குப் போய்விடுவார்களாம். அப்புறம் ஆடி கழிந்துதான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியும். வாடகை வீட்டுக்காரரோ வைகாசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ஆக, இந்த மாதம் முடிவதற்குள் காடி வெட்டியாக வேண்டும். தூத்துக்குடியில் இருக்கும் என் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் மேல் இருந்தார், காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "நீயே பாத்து முடிவு பண்ணு வடிவு" என்றார். எப்போதும் அதுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

இரண்டு கோடு.

மருந்துக்கடையில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, பரிசோதனை அட்டை வாங்க யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் கழிவறையில் பார்த்தேன். அட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

சந்தோஷம்தான். ஏன் இல்லாமல்? ஆனால் அதை வைத்துக்கொள்ள இடம் இல்லை.

எழுத இஷ்டமில்லை என்றதை எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் பெண் மாசமாக இருந்தால் சுவரில் உளி படக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, மண் தோண்டக்கூடாது. இது அவருடைய அம்மா, என் அத்தையின் சட்டம். அத்தைக்கு மட்டும் அல்ல, தெருவுக்கே அதுதான் சட்டம். முதல் முறை அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தபோது எனக்கு நாள் தள்ளியது. அத்தை அன்றைக்கே வேலையை நிறுத்தினார். மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாம் முறை சுவர் இடுப்பளவு வந்திருந்தது. மறுபடியும் நிறுத்தினார். மறுபடியும் கலைந்தது. நிறுத்தியதால் தங்கியதா என்று அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

டி.பார்ம் படித்தவள் நான். சுவருக்கும் வயிற்றுக்கும் இடையில் எந்த வயரும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை நிற்கும், பூச்சு ஆட்கள் போய்விடுவார்கள், வைகாசியில் நடுத்தெருதான். இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காடி வெட்டி முடித்த மறுநாள், இன்றைக்குத்தான் தெரிந்தது போலச் சொல்லிவிடலாம்.

அவரிடமும் சொல்லப்போவதில்லை. அவர் ஒரு மணி நேரம்கூட அம்மாவிடம் எதையும் மறைக்க மாட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவர் வந்தார். மீன் வாங்கி வந்தார். புது வீட்டுக்குள் நின்று, இல்லாத சுவிட்சைத் தட்டித் தட்டி விளையாடினார். "இங்க லைட்டு, இங்க ஃபேன், இங்க உங்க அத்தைக்கு சீரியல்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு முறை தோன்றியது. அவர் அதற்குள் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்.

மீன் குழம்பு கொதிக்கும்போது நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தை பின்னாலேயே வந்தார்.

"ஏட்டி வடிவு, இந்த மாசம் இன்னும் ஒதுங்கலயே?"

"நாளைக்கு ஆயிரும்னு நெனைக்கேன் அத்த. இடுப்பு வலிக்கு."

அத்தை குழம்பைப் பார்க்க உள்ளே போனார்.

பிப்ரவரி 16, திங்கள்

ஒதுங்கிவிட்டேன். அதாவது, ஒதுங்கியதாகச் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் தனிப்பாய், தனித்தட்டு. அடுப்படிக்குள் போகக்கூடாது, சாமி படத்துப் பக்கம் திரும்பக்கூடாது. பகலில் கடைக்குப் போய் ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கலாம், வீட்டில் உப்பு டப்பாவைத் தொட்டால் குற்றம். கல்யாணமாகி ஒன்பது வருடமாக மாதாமாதம் மனசுக்குள் திட்டிக்கொண்டே செய்த காரியம் இது. இந்த முறை திட்டவில்லை. நடிக்கிறவளுக்குக் கோபப்பட ஏது உரிமை?

இரவு அத்தை என் தட்டில் சோற்றோடு ஒரு டம்ளர் பாலும் வைத்துவிட்டுப் போனார். வழக்கமில்லை. பால் மிஞ்சிப்போயிருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். சாமி படத்துக்கு விளக்கேற்றச் சொன்னார் அத்தை. ஏற்றினேன். சாமிக்குத் தெரியாதா என்ன, என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தால் என்னவாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஞானதுரை அண்ணன் சாக்பீஸால் சுவர் முழுக்கக் கோடு போட்டார். எந்த அறையில் எங்கே விளக்கு, எங்கே ஃபேன் ரெகுலேட்டர், கிரைண்டருக்கு எங்கே பாயிண்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். கடைசியில் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணு கேக்கணும் தங்கச்சி, தப்பா நெனைக்காதீக. உளி வைக்க முன்ன எல்லா வீட்டுலயும் கேக்கதுதான். வீட்டுல யாரும் மாசமா இல்லையே?"

"இல்ல."

"எட்டயபுரத்துல ஒரு வீட்டுல கேக்காம வெட்டிட்டேன். பொறவு என்னமோ ஆயிப்போச்சு, எம்பேர்ல பழி. வாசல்ல வந்து நின்னு மண்ண வாரித் தூத்துனாக. அதுலேர்ந்து கேக்காம கை வைக்கதில்ல."

"இல்லண்ணே. தைரியமா வெட்டுங்க" என்றேன். இவ்வளவு தெளிவாக நான் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு ஒரு யோசனை சொன்னேன். உளிக்குப் பதிலாக மெஷின் வைத்து வெட்டலாமே, சீக்கிரம் முடியுமே என்றேன். மெஷின் வாடகை கூடுதல் என்றார். பரவாயில்லை என்றேன். சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். செந்தூள் ஜன்னல் வழியாகப் புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெஷினால் கோடு மட்டும்தான் கிழிக்க முடியுமாம். கோட்டுக்கு நடுவில் இருக்கும் செங்கலைக் கொத்தி எடுக்க உளிதான் வேண்டுமாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 25, புதன்

சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு போனேன். வாசல்படியிலேயே வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். உள்ளே சுத்தியல் சத்தம். ஒவ்வொரு அடிக்கும் என் கை வயிற்றுக்குப் போனது. யாரும் பார்க்கவில்லை. சேலை மடிப்பைச் சரிசெய்வது போல வைத்துக்கொண்டேன்.

நான்கு நாளாக வாந்தி இல்லை. மீன் வாடைகூட ஒன்றும் செய்யவில்லை. நல்லதாகப் போயிற்று, அத்தை கண்ணில் படாமல் இருக்கலாம்.

பிப்ரவரி 27, வெள்ளி

காடி வேலை முடிந்தது. வீடு முழுக்கப் பிறாண்டி வைத்தது போல இருக்கிறது. குழாய்களை வைத்துக் கலவை போட்டு அடைத்திருக்கிறார்கள். இன்றைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பூச்சு ஆட்கள் வந்து ஒரு சுவராவது பூசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

அவர் வந்தார், போனார். சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் ஸ்கேன் எடுத்து, துடிப்பைக் கேட்டுவிட்டு, அதோடு சேர்த்துச் சொல்லலாம். போன இரண்டு முறையும் அவசரப்பட்டுச் சொல்லித்தான் எல்லாரையும் அழவைத்தேன்.

மார்ச் 4, புதன்

பூச்சு நடக்கிறது. ஹால் முடிந்தது. வெட்டிய தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. சுடலைமணி கைவேலைக்காரர்தான்.

மார்ச் 9, திங்கள்

கடையில் நின்றுகொண்டிருக்கும்போது ஆரம்பித்தது. முதலில் லேசாக. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. தூங்குவது போல இருந்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடைக்கு மருந்து எடுக்கத் திருநெல்வேலிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"துடிப்பு இல்லம்மா. இது இப்ப நடந்ததில்ல. பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே வளர்ச்சி நின்னுருக்கு" என்றார் டாக்டரம்மா. சுத்தம் செய்ய வேண்டும் என்றார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். தங்கச்சி வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

மயக்கம் தெளிந்த பிறகு கேட்டேன். "வீட்டுல கட்டட வேலை நடக்கு டாக்டர். செவத்தை வெட்டுனாக. அந்த அதிர்வுல..."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்ன வேலை பார்க்கிறேன் என்று பதிந்ததில் இருந்ததே. "நீங்க மருந்து படிச்சவங்கதானே? நீங்க செஞ்ச எதனாலயும் இது வரல. மூணு தடவை ஆயிருக்கு, காரணம் கண்டுபிடிக்கலாம். ரெண்டு பேரும் டெஸ்டுக்கு வாங்க."

ரெண்டு பேரும்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுடலைமணி போன் செய்தார். குளியலறையில் ஹீட்டருக்குப் பாயிண்ட் விட்டுப்போய்விட்டதாம். யாருக்கும் ஞாபகம் வராமல் பூசிவிட்டார்களாம். "பூசுன செவத்த மறுபடி வெட்டணும்மா. வெட்டலாமா?"

"வெட்டுங்க" என்றேன். பிறகு கயத்தாறு வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், எதுவும் கேட்கவில்லை. அவளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மார்ச் 11, புதன்

தனிப்பாய். தனித்தட்டு. இந்த முறை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒன்றும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

அவர் வந்தார். ஏன் வெளுத்துப்போயிருக்கிறாய் என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். தோளில் கை வைத்து, "வீடு முடிஞ்சதும் உன்ன ராணி மாதிரி வச்சுக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷன். அதனால்தான் சொல்ல முடியவில்லை. சொன்னால் எப்போது தெரியும் என்று கேட்பார். பிப்ரவரி பதின்மூன்று என்று சொன்னால், அன்றைக்கும் காடி வெட்டிய நாளுக்கும் நடுவில் அவர் மனசு போய் நிற்கும். அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆயுசுக்கும் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் 11, சனி

பூச்சு நன்றாகக் காய்ந்துவிட்டது. இன்று வயர் இழுத்தார்கள். ஒரு முனையில் நீளமான ஸ்பிரிங்கை விட்டு, மறுமுனையில் பிடித்து இழுக்க, சிவப்பும் கறுப்பும் பச்சையுமாகச் சுவருக்குள்ளிருந்து வயர் வந்தது. ஈரம் போகாமல் இழுத்திருந்தால் பின்னாடி வினை என்றார் ஞானதுரை அண்ணன். எல்லாம் சரியான நேரத்தில் நடந்திருக்கிறது என்றார்.

"அண்ணே, அந்த வாரத்துல எந்த ரூமை என்னைக்கு வெட்டுனீக?"

"திங்கள் ஹாலு. செவ்வா, புதன் படுக்கை ரூமு. எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான்."

பத்துப் பதினைந்து நாளைக்கு முன்பு என்றார் டாக்டரம்மா. மார்ச் பத்திலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஏற்கனவே பல முறை எண்ணியதுதான். எப்படி எண்ணினாலும் அந்த வாரத்தில்தான் போய் விழுகிறது. இது வெறும் தற்செயல் என்று தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையாக நான் விளக்கியிருக்கிறேன்.

படுக்கை அறைக்குள் நான் இன்னும் போகவில்லை.

மே 8, வெள்ளி

மீட்டர் வைத்துவிட்டார்கள். பெயிண்ட் முடிந்து சுவிட்சுகளும் மாட்டியாகிவிட்டது. எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டினார் ஞானதுரை அண்ணன். அத்தை கைகூப்பினார். நான் படுக்கை அறைக்குள் போனேன். சாதாரண அறைதான். இளம்பச்சைச் சுவர். அதன் மேல் கையை வைத்தேன். எங்கே வெட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மே 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். இன்று மூன்று பேரும் புது வீட்டில்தான் இருந்தோம், துடைப்பதும் கழுவுவதுமாக. அவர் யாரிடமோ டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி வந்திருந்தார், திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்கு. ஜன்னலுக்கு மேலே பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, ஸ்டூல் மேல் நின்றபடியே எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன, செவத்துல ஓட்டை போடலாம்ல? விசேஷம் ஒண்ணும் இல்லையே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "இல்ல. போடு" என்றார்.

இந்தக் கேள்விக்கு அத்தை ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. "அவகிட்ட கேளு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். இன்று என்னைப் பார்க்கவே இல்லை. பித்தளைப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"இல்லன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அத்த?"

புளியை எடுத்து ஒரு குடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். "இப்ப இல்லங்கதும் தெரியும். மாசியில இருந்ததும் தெரியும். நீ ஒதுங்குனதாச் சொன்னியே, அந்த மூணு நாளும் குப்பையக் கொண்டுபோயிப் போட்டது நான்தானே. ஒரு சொட்டுக் கறையில்ல."

உள்ளே மெஷின் சத்தம் தொடங்கியது.

"தெரிஞ்சும் ஏன் வேலைய நிறுத்தல?"

"ரெண்டு தரம் நிறுத்திப் பாத்தமே. பிள்ளையும் தங்கல, வீடும் எழும்பல." குடத்தைத் திருப்பி வைத்தார். "இதுவும் தங்காதுன்னு எம்மனசுல பட்டுட்டு, வடிவு. வீடாவது நிக்கட்டும்னு இருந்துட்டேன்."

அந்தக் குடத்தைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். எதுவும் செய்யவில்லை. பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, வாடகை வீட்டுக்காரர், பூச்சு ஆட்கள், வைகாசி என்று இத்தனை காரணம் எழுதினேன். ஒரே ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன். அது அத்தை சொன்ன அதே வரி.

நானும் உட்கார்ந்து ஒரு சொம்பை எடுத்துத் தேய்த்தேன்.

"என்னைக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"திருநெல்வேலிக்குப் போன அன்னைக்கு."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல."

அத்தையின் கை நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்லட்டி."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே அத்த."

அத்தை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமா இறந்த அன்றுகூட அழாதவர் என்று சொல்வார்கள்.

உள்ளே அவர் அடுத்த ஓட்டையைப் போட்டார். அதற்கு அடுத்ததையும் போட்டார். சத்தம் கொல்லை வரைக்கும் அதிர்ந்தது. நிறுத்தச் சொல்ல எங்கள் இருவரிடமும் காரணம் எதுவும் இல்லை.